வடுவூர் ஏரிக்கு ஆள் உண்டு, வயலுக்கு இல்லை: டெல்டாவில் இ-பேர்டு செயலி

பறவைகளைப் பார்த்துப் பதிவு செய்ய ஒரே ஒரு செயலிதான் போனில் வைக்க முடியும் என்றால், அது இ-பேர்டாகத்தான் இருக்க வேண்டும். இதை அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடபான் சங்கமும் 2002-ல் தொடங்கின. இந்தியாவில் இதன் பணிகளை பேர்ட் கவுண்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு ஒருங்கிணைக்கிறது. காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, சிக்னல் எட்டாத வாய்க்கால் கரையிலும் ஓடும். ஆனால் டெல்டாவுக்கு இது தரவேண்டிய பலனில் பாதியைக்கூட இன்னும் தரவில்லை. அதற்குச் செயலியைவிட நாம் அதைப் பயன்படுத்தும் விதமே பெரிய காரணம். பார்த்த பறவைகளை எழுதி அனுப்பும் பட்டியல்கள் எல்லாம் வடுவூர், கரைவெட்டி, கோடியக்கரை சரணாலயங்களிலேயே குவிகின்றன. டெல்டாவின் பெரும்பரப்பு நெல்வயல்; அங்கே வரைபடம் வெறிச்சென்று கிடக்கிறது.

முதலில் செயலி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். கணக்குத் தொடங்கியதும் உங்கள் பகுதிக்கான பறவைத் தொகுப்பை வீட்டு வைஃபையிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அது இருந்தால் களத்தில் இணையம் தேவையில்லை, ஜிபிஎஸ் மட்டும் போதும். ஆண்ட்ராய்டு போனில் இன்னொரு வேலையும் உண்டு. பேட்டரி அமைப்புக்குள் போய் இந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் திரை அணைந்த சற்று நேரத்தில் போன் செயலியை உறங்க வைத்துவிடும். நீங்கள் நடந்த பாதை பாதியில் அறுந்து, தொடங்கிய இடத்திலிருந்து முடித்த இடத்துக்கு நேர்கோடாக வரையப்பட்டிருக்கும். வளைந்து வளைந்து ஓடும் வாய்க்கால் கரையில் நடந்த தூரம் குறைவாகப் பதிவாவதற்கு இதுதான் வழக்கமான காரணம்.

பட்டியலைத் தொடங்கி, பார்க்கப் பார்க்கப் பதிந்துகொண்டே போகலாம். ஒவ்வொரு பெயரையும் முழுதாகத் தட்ட வேண்டியதில்லை. எண்ணிக்கையை முதலில் போட்டு, இரு சொல் கொண்ட ஆங்கிலப் பெயரில் ஒவ்வொரு சொல்லின் முதல் இரண்டு எழுத்துகளைச் சேர்த்தால் போதும். நத்தை குத்தி நாரைக்கு ஏஷியன் ஓப்பன்பில் என்று பெயர். '40 ஏஎஸ்ஓபி' என்று ஆங்கிலத்தில் அடித்தால் நாற்பது நாரைகள் ஏறிவிடும். கரிச்சானுக்கு, அதாவது பிளாக் டிராங்கோவுக்கு, 'பிஎல்டிஆர்'. பழகிவிட்டால் கண்ணை வயலில் வைத்துக்கொண்டே கட்டைவிரலால் பதியலாம்.

முடிக்கும்போது செயலி கேட்கும் ஒரு கேள்வியில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது: நீங்கள் அடையாளம் காண முடிந்த பறவைகள் அனைத்தையும் பதிந்துவிட்டீர்களா? அங்கே இருந்த எல்லாப் பறவையையும் பார்த்தீர்களா என்பது கேள்வி அல்ல. உங்களுக்குத் தெரிந்தவற்றில் எதையாவது வேண்டுமென்றே விட்டீர்களா என்பதே கேள்வி. காகத்தையும் மைனாவையும் எழுதவில்லை என்றால் 'இல்லை' என்று சொல்ல வேண்டும். பத்துப் பறவைதான் அடையாளம் தெரியும், அந்தப் பத்தையும் எழுதிவிட்டீர்கள் என்றால் 'ஆம்' என்று தாராளமாகச் சொல்லலாம். புதியவர்கள் தயங்கித் தயங்கி 'இல்லை' போடுவதும், பழையவர்கள் காகத்தை விட்டுவிட்டு 'ஆம்' போடுவதும் இங்கே அன்றாடம் நடப்பவை.

இது ஏன் முக்கியம் என்றால், ஒரு பறவை பெருகுகிறதா குறைகிறதா என்று கணக்கிடுபவர்கள், இந்தக் கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்த முழுப்பட்டியல்களில் எத்தனை விழுக்காட்டில் அது இடம்பெறுகிறது என்று பார்க்கிறார்கள். முழுப்பட்டியலில் ஒரு பெயர் இல்லையென்றால் 'இங்கே தென்படவில்லை' என்று பொருள். அரைகுறைப் பட்டியலில் பெயர் இல்லாததற்குப் பொருளே கிடையாது. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது; எது பெருகுகிறது, எது குறைகிறது என்பதை இப்படித்தான் கணக்கிட்டது. நம் பக்கத்துத் தந்திக்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடை நாடளவில் வெகுவாகக் குறைந்துவிட்டது என்று அதில் தெரியவந்தது. அரிய பறவை எதையும் தேடிப் போகாமல், தெருமுனைப் பறவையைத் தவறாமல் எழுதியவர்களால் கிடைத்த முடிவு அது.

பட்டியலில் மூன்று வகையைத் தெரிந்துகொண்டால் போதும். தொடங்கிய இடத்திலிருந்து 30 மீட்டருக்குள் இருந்தபடி பார்த்தால் நிலைவகை. அதைத் தாண்டி நடந்தால் பயண வகை. பேருந்து சன்னலில் தற்செயலாகக் கண்டது தனிவகை; அது முழுப்பட்டியல் ஆகாது. பயண வகையில் 8 கி.மீ., 3 மணி நேரம் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்; டெல்டாவில் அதுவே அதிகம். ஐந்து கிலோமீட்டர் போனால் வயல், தென்னந்தோப்பு, குளம், ஊர், ஆறு எல்லாம் ஒரே பட்டியலில் கலந்துவிடும். எந்தப் பறவை எங்கே இருந்தது என்று பிறகு யாராலும் பிரிக்க முடியாது. மதகில் நின்று 15 நிமிடம் ஒரு பட்டியல், அங்கிருந்து வரப்போடு ஒரு கிலோமீட்டர் நடந்து இன்னொரு பட்டியல் என்று உடைத்துப் போடுவதே நல்லது.

தூரக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. வாய்க்கால் கரையில் போன வழியே திரும்பி வந்தால் செயலி இரண்டு மடங்கு தூரத்தைக் காட்டும். எழுத வேண்டியது ஒருவழித் தூரம் மட்டுமே. அனுப்புவதற்கு முன் கையால் திருத்துங்கள். திரும்பும்போது ஏற்கெனவே எண்ணிய கொக்கை மறுபடி எண்ணாதீர்கள்; புதிதாக ஏதாவது தென்பட்டால் அதை மட்டும் சேர்க்கலாம். பட்டியலை நிறுத்த மறந்து அப்படியே வண்டியில் ஏறி மன்னார்குடி வரைக்கும் போய்விடுவது இன்னொரு சங்கடம். பறவை பார்த்தது முக்கால் கிலோமீட்டர், பதிவானது இருபது. அதையும் அனுப்பும் முன்பே தூரத்தையும் நேரத்தையும் மாற்றிச் சரிசெய்யலாம்.

எண்ணிக்கையில் 'எக்ஸ்' என்று போட வசதி உண்டு; 'இருந்தது, எண்ணவில்லை' என்று பொருள். முடிந்தவரை தவிர்க்க வேண்டிய வசதி அது. ஆயிரம் பறவை இருந்ததா, ஒன்று இருந்ததா என்பது அதில் தெரியாது. தோராயமான எண்கூட அதைவிட மேல். பெரிய கூட்டத்தை எண்ண, முதலில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணி அந்த அளவைக் கண்ணில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவைக் கூட்டத்தின் மேல் அடுக்கடுக்காக வைத்துப் போங்கள். கூட்டம் பெரிதென்றால் ஐம்பது, நூறு என்று அளவை உயர்த்தலாம். மாலையில் அடைய வரும் கொக்கு, நாரை, அரிவாள் மூக்கனுக்கு மரத்தைப் பார்த்து எண்ணுவது வீண். இலைக்குள் இருப்பது தெரியாது, உட்கார்ந்தது எழுந்து இடம் மாறும். வரும் வழியைப் பார்த்து நின்று ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து எண்ணுங்கள். இரண்டு பேர் என்றால் திசையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

கூட்டமாகப் போகிறவர்கள் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புவது வழக்கமாகிவிட்டது. ஒருவர் மட்டும் பதிந்து, மற்றவர்களுக்கு 'ஷேர்' செய்ய வேண்டும். அப்போதுதான் ஐந்து பேர் பார்த்த ஒரே கூழைக்கடா ஐந்தாகப் பெருகாமல் இருக்கும். எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற கட்டத்தையும் நிரப்புங்கள்.

டெல்டாவில் இந்தச் செயலியின் பட்டியலை அதிகம் கெடுப்பவை வெள்ளைக் கொக்குகள். சின்னக் கொக்குக்கு அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல் மட்டும் மஞ்சள். உண்ணிக்கொக்கு குட்டை, கழுத்து தடிப்பு, அலகு சிறியது. மாட்டுக்கும் டிராக்டருக்கும் பின்னால் திரியும். சிக்கல் நடுத்தரக் கொக்கிலும் பெரிய கொக்கிலும்தான். அலகின் நிறத்தை நம்பினால் ஏமாறுவீர்கள். இரண்டுக்குமே மற்றக் காலத்தில் மஞ்சள், இனப்பெருக்கக் காலத்தில் கறுப்பு. வாய்ப்பிளவுக் கோடு எங்கே முடிகிறது என்று பாருங்கள்: கண்ணுக்குக் கீழேயே நின்றால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. அவ்வளவு நெருக்கத்தில் தெரியவில்லையா, 'கொக்கு வகை' என்ற பொதுப் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. மடையானும் இந்தக் கணக்கில் புகுந்துவிடும். உட்கார்ந்திருக்கையில் மண் நிறம், எழுந்து பறந்தால் இறக்கை முழுக்க வெள்ளை. முதுகு பழுப்பாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பெயர்ப்பட்டியல் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் புதுப்பிக்கப்படுகிறது. உண்ணிக்கொக்கு கிழக்கு, மேற்கு என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது, நம்முடையது கிழக்கு. நடுத்தரக் கொக்கின் பெயர் 'இண்டர்மீடியட்' என்பதிலிருந்து 'மீடியம்' என்றாகிவிட்டது. பழைய கையேட்டை வைத்துக்கொண்டு தேடி, பெயர் வரவில்லை என்று கைவிட வேண்டாம். பழைய பட்டியல்களைச் செயலியே மாற்றிக்கொள்ளும்.

இன்னொரு டெல்டா விவகாரம் மேய்ச்சல் வாத்து. அறுப்பு முடிந்த வயலில் நூற்றுக்கணக்கில் இறங்கும் வளர்ப்பு வாத்துகளைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வலசை வாத்து என்று எழுதியவர்கள் உண்டு. கோலோடு ஆள் நிற்கிறாரா, மந்தை ஒரே திசையில் நகர்கிறதா என்று பாருங்கள். பதிந்தே ஆக வேண்டும் என்றால் 'வளர்ப்பு வகை' என்று தனிப்பெயர் இருக்கிறது.

இங்கே ஹாட்ஸ்பாட் பிரச்சினையைச் சொல்லியாக வேண்டும். பொதுமக்கள் போய்வரும் இடங்களைச் செயலி ஹாட்ஸ்பாட்டாகக் காட்டும். தஞ்சாவூர்-மன்னார்குடி சாலையில் வடுவூர், திருத்துறைப்பூண்டிப் பக்கம் உதயமார்த்தாண்டபுரம் இரண்டும் 2022-ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி சேர்ந்த அறிவிப்பு 2024-ல் வந்தது. கோடியக்கரை 2002-லேயே சேர்ந்துவிட்டது. ஏரிக்கு வெளியே ஒரு கிலோமீட்டர் தள்ளி வயலில் பார்த்ததையும் 'வடுவூர் பறவைகள் சரணாலயம்' என்று போட்டுவிடுகிறார்கள், பட்டியலில் அதுதான் முதலில் வருகிறது என்பதால். வயலின் தூக்கணாங்குருவி ஏரியின் கணக்கில் ஏறுகிறது, வயலுக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எல்லைக்கு வெளியே என்றால் வரைபடத்தில் சொந்தப் புள்ளி வைத்து, 'வடுவூர் தென்கரை வயல், நெல்' என்பது போலப் பெயர் கொடுங்கள். அடுத்த முறையும் அதே புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப்புள்ளி வைத்தால் ஓரிடத்தின் வரலாறு உடைந்துவிடும்.

செயலியின் பெரிய குறை வாழிடம். பறவை எந்த மாதிரி இடத்தில் இருந்தது என்று எழுத ஒழுங்கான கட்டம் எதுவும் இல்லை. குறிப்புப் பகுதி மட்டுமே உண்டு. டெல்டாவிலோ வாழிடம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் தண்ணீர் வந்து குறுவைக்குச் சேறு அடிக்கத் தொடங்குவார்கள். டிராக்டர் பின்னால் நூறு கொக்கு. மறுநாள் அதே வயலில் நான்கு. இரண்டு எண்ணும் சரி, ஆனால் டிராக்டர் ஓடியது என்று எழுதாவிட்டால் இரண்டுக்கும் பொருளில்லை. எனவே ஒவ்வொரு பட்டியலிலும் மூன்று செய்தியை ஒரே வரிசையில் எழுதும் பழக்கம் வேண்டும்: பயிரும் அதன் பருவமும், தண்ணீர் அளவு, அன்று நடந்த வேலை. 'சம்பா, நட்டு 20 நாள், கணுக்கால் தண்ணீர், மருந்து அடித்தது நேற்று' என்றால் போதும். தமிழில் எழுதினால் ஏறும், சேமிக்கும்.

கோடையில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். வாய்க்கால்கள் வற்றி, உளுந்தும் பயறும் நிற்கும் மாதங்களில் மிச்சத் தண்ணீர் இருக்கும் ஒரு குளத்தில் சுற்றுவட்டாரத்துப் பறவைகள் எல்லாம் குவியும். அந்தக் குளத்தை மட்டும் பார்த்தால் பறவை பெருகியதாகத் தோன்றும். பக்கத்து வறண்ட குளத்திலும் 15 நிமிடம் நின்று, ஒன்றுமே இல்லாவிட்டாலும் இரண்டு மைனா, ஒரு காகம் என்று பட்டியல் போட்டால்தான் உண்மை தெரியும். இந்த வெறும்பட்டியல்களைப் போட யாருக்கும் மனம் வருவதில்லை. செயலியும் அதற்கு உதவவில்லை: மாவட்டவாரியாக முதல் நூறு பேர், ஆண்டில் எத்தனை இனம் என்ற தரவரிசையைப் போட்டுக் காட்டுகிறது. இனங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குச் சிறந்த வழி சரணாலயங்களைச் சுற்றி வருவது. அந்தத் தரவரிசைப் பக்கத்தைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

வயலுக்கு ஏற்ற முறை எளிது. வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரத்தில் ஒரு வாய்க்கால் கரை, ஒரு கிலோமீட்டர். சூரியன் எழுந்த அரை மணிக்குள் தொடங்கி, 45 நிமிடத்தில் முடிக்க வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, மழை அடித்துப் பெய்யும் நாள் தவிர. 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறித் தோப்புகளைச் சாய்த்தது. புயலுக்கு முன்னும் பின்னும் ஒரே தோப்பில் இப்படிப்பட்ட பட்டியல் இருந்தால்தான் எந்தப் பறவை போனது, எது திரும்பியது என்று சொல்ல முடியும்.

ஆண்டில் ஒருமுறைதான் நேரம் கிடைக்கும் என்பவர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015-லிருந்து பொங்கலையொட்டிய நான்கு நாட்கள் நடக்கிறது. 15 நிமிடத்துக்குக் குறையாத பட்டியல் வேண்டும், இ-பேர்டில்தான் ஏற்ற வேண்டும். சம்பா முதிர்ந்து நிற்கும், ஏரியில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் இருக்கும் நாட்கள் என்பதால் டெல்டாவுக்குப் பொருத்தமான தேதி.

பதிவுகளைச் சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். ஒவ்வொரு இனத்துக்கும் மாதத்துக்கும் ஓர் எல்லை வைத்திருப்பார்கள். அதைத் தாண்டினால் செயலி கூடுதல் விவரம் கேட்கும், பிறகு மின்னஞ்சலும் வரலாம். 'நன்றாகப் பார்த்தேன்' என்று பதில் போட்டால் பயனில்லை. அளவு, அலகு, காலின் நிறம், பறக்கும்போது தெரிந்த அடையாளம், எந்த ஒத்த இனத்தை எதனால் விலக்கினீர்கள் என்று எழுதுங்கள். படம் இருந்தால் இணையதளத்தில் அந்தப் பட்டியலோடு சேர்க்கலாம். ஏற்கப்படாத பதிவும் உங்கள் கணக்கிலிருந்து அழியாது. பொதுத் தரவில் மட்டும் சேராது.

கூடு கட்டும் இடங்களில் செயலியின் இனப்பெருக்கக் குறியீடுகள் பயன்படும்: கூடு கட்டுதல், அடைகாக்கும் கூடு, குஞ்சுள்ள கூடு, இரை ஊட்டல் என்று தனித்தனியாக உண்டு. அதற்காக மரத்தடிக்குப் போக வேண்டாம். தாய்ப்பறவை எழுந்த நிமிடமே காகம் முட்டையைத் தூக்கிவிடும். கரையில் நின்று தொலைநோக்கியில் தெரிவது போதும்.

மற்றச் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாக. மெர்லினும் கார்னெலுடையதே, குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும். கற்றுக்கொள்ள அருமையானது, சாட்சியாக வைத்துக்கொள்ள லாயக்கில்லை. மோட்டார் கொட்டகை அருகிலும் தவளை கத்தும் இரவிலும் இல்லாத பறவையைச் சொல்லும். கரிச்சான் வல்லூறு போலக் கத்தினால் வல்லூறு என்றே எழுதிவிடும். அது சொன்ன பறவையைக் கண்ணால் பார்த்தோ காதால் நீங்களே தெளிந்தோதான் இ-பேர்டில் சேர்க்க வேண்டும்.

தவளை, தும்பி, மீன், செடி, நீர்நாய்க் காலடி என்றால், படத்தை ஏற்றி மற்றவர்களிடம் இனம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட். ஒரே படம் போதாது. தும்பிக்கு மேலிருந்தும் பக்கவாட்டிலும், செடிக்கு இலையின் இருபுறம், பூ, காய், பட்டை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் இலையின் அடிப்புறமும் காயும் வேர்மூச்சுக் குச்சிகளும் வேண்டும். தூரத்துப் பச்சையை மட்டும் எடுத்தால் யாரும் இனம் சொல்ல மாட்டார்கள். செயலி தரும் பெயர்ப் பரிந்துரை சில சமயம் வெளிநாட்டு இனமாக இருக்கும். உறுதியில்லாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாட்ஸாப்பில் வந்த படத்தை ஏற்றாதீர்கள், அதில் இடமும் நேரமும் உதிர்ந்துபோயிருக்கும். தோட்டத்தில் நட்டுவைத்த செடிக்கு 'வளர்ப்பு' என்று குறியிடுங்கள். நீர்நாய் வளை, ஆமை முட்டையிட்ட இடம் போன்றவற்றுக்கு இருப்பிடத்தை மங்கலாக்கும் வசதி உண்டு. கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

நடக்க முடியாதவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சீசன்வாட்ச். வேம்பு, புளி, மா, புங்கம் என்று ஏதாவது ஒரு மரத்தைப் பதிவு செய்து, வாரம் ஒருமுறை அதே மரத்தில் தளிர், பூ, காய் எவ்வளவு என்று குறிப்பது. வாரம் தவறினால் பூத்த தொடக்கம் தெரியாமல் போகும். மரத்தை வாசலிலேயே தேர்ந்தெடுப்பதுதான் அதற்கு மருந்து.

மறுபடி இ-பேர்டுக்கே வந்தால், ஊர்ப் பொது ஏரியோ குளமோ உங்கள் சொந்தப் புள்ளியாக மட்டும் இருந்தால் அதை ஹாட்ஸ்பாட்டாக்கப் பரிந்துரைக்கலாம். இணையதளத்தில் அந்த இடத்தின் பெயரைத் திறந்தால் வழி இருக்கிறது; சரிபார்ப்பவர் ஒப்புக்கொண்டதும் யார் போனாலும் ஒரே பெயரில் பட்டியல் சேரும். தனியார் வயலுக்கு இதைச் செய்ய வேண்டாம், உரிமையாளருக்குத் தொல்லை. சொந்தப் புள்ளியாகவே இருக்கட்டும். ஹாட்ஸ்பாட்டுக்கு மாதவாரியான பட்டை வரைபடம் தானாகக் கிடைக்கும். ஊராட்சியின் மக்கள் உயிர்ப்பன்மையப் பதிவேட்டுக்கு அதை அச்சிட்டுக் கொடுக்கலாம்; கூடவே உங்கள் தரவு முழுவதையும் ஆண்டுக்கொரு முறை கணக்கிலிருந்து இறக்கி ஒரு பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள்.